கோடு போட்டு அடித்த விடை

ஏப்ரல் 15, திங்கள்

ஆறேகால் பேருந்தைப் பிடித்து ஈரோடு வந்து சேர்ந்தபோது மணி எட்டேகால். பிளஸ் ஒன் கணக்கு விடைத்தாள் திருத்தும் முகாம் இன்று தொடங்கியது. எங்கள் அறையில் எட்டு பேர், ஒரே மின்விசிறி. அதுவும் தலைமைத் தேர்வாளர் திருஞானம் சாரின் தலைக்கு மேல். காலையில் பன்னிரண்டு தாள், மதியம் பன்னிரண்டு தாள். பக்கத்து நாற்காலியில் ஹசீனா என்று ஒரு டீச்சர், சத்தியமங்கலம் பக்கம் அரசுப் பள்ளி. சின்னப் பெண். முதல் முறையாகத் திருத்த வந்திருக்கிறாள். ஒவ்வொரு தாளையும் பிரிக்கும்போது அவள் கை நடுங்குகிறது. எனக்கு நடுங்குவதில்லை. எரிகிறது.

இருபத்திரண்டு வருடமாக இதே பாடம் நடத்துகிறேன். இருபத்திரண்டு வருடமாக இதே தப்பு. x² sin x என்று ஒரு மூன்று மதிப்பெண் கேள்வி. வகையிட வேண்டும். இரண்டு சார்புகள் பெருக்கிக்கொண்டு நிற்கின்றன, இரண்டும் மாறுகின்றன. முதலாவதை அப்படியே வைத்து இரண்டாவதை வகையிடு, இரண்டாவதை அப்படியே வைத்து முதலாவதை வகையிடு, இரண்டையும் கூட்டு. x² cos x + 2x sin x. பெருக்கல் விதி என்பது அவ்வளவுதான். இன்று திருத்திய இருபத்து நான்கு தாளில் ஒன்பது பேர் தனித்தனியாக வகையிட்டு, இரண்டையும் பெருக்கி, 2x cos x என்று எழுதி அடியில் கட்டம் வேறு போட்டிருக்கிறார்கள்.

நான் வகுப்பில் தோட்டம் வரைந்து காட்டுவேன். நீளமும் வளர்கிறது, அகலமும் வளர்கிறது. நீளவாக்கில் ஒரு பட்டை கூடும், அகலவாக்கில் ஒரு பட்டை கூடும், மூலையில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு கூடும். பட்டை இரண்டும்தான் விடை. மூலைத் துண்டு போகப்போக ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். இந்தப் பிள்ளைகள் பட்டை இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டு மூலைத் துண்டைப் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். பிள்ளைகளைச் சொல்லி என்ன? சொல்லிக்கொடுத்தவர்களை நிற்க வைத்துக் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் மகள் மிருதுளா அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். அவளும் இதே பரீட்சை எழுதியவள்தான், என் பள்ளியிலேயே. அன்றிலிருந்து "ம்", "வேண்டாம்", இரண்டு வார்த்தைதான். பதினாறு வயது, அப்படித்தான் இருக்கும் என்கிறார் அவளுடைய அப்பா. இருக்கட்டும். சாப்பிட்ட தட்டையாவது கழுவி வைக்கலாம்.

ஏப்ரல் 16, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. இருபத்து நான்கு தாள். எட்டு மூலைத் துண்டு.

ஏப்ரல் 17, புதன்

இன்று காலை வந்த கட்டு.

தாள்களில் பெயர் இருக்காது, பள்ளி இருக்காது, நமக்குத் தெரிவதெல்லாம் ஒரு மாற்று எண்தான். ஆனால் ஒரே தேர்வு அறையில் எழுதியவர்களின் தாள்கள் பெரும்பாலும் அடுத்தடுத்தே வரும். முதல் தாளில் x² sin x-க்கு 2x cos x. பழகிய எரிச்சலோடு சுழி போட்டேன். இரண்டாவது தாளிலும் அதே. மூன்றாவதிலும் அதே. நான்காவதைத் திருப்பும்போதுதான் கவனித்தேன். விடைக்கு மேலே எல்லோரும் ஒரே வாக்கியம் எழுதியிருந்தார்கள்: "பெருக்கற் சார்பு என்பதால் தனித்தனியே வகையிட." எந்தப் பாடநூலிலும் இப்படி ஒரு வாக்கியம் கிடையாது. பன்னிரண்டு தாளிலும் இருந்தது. ஒருவன் மட்டும் 2x cot x என்று முடித்திருந்தான். காதில் விழுந்ததை எழுதியவன். காஸ் அவனுக்குக் காட் என்று கேட்டிருக்கிறது.

இவர்களில் ஐந்து பேர் வேறொரு ஐந்து மதிப்பெண் கேள்வியில் இதே பெருக்கல் விதியைப் பிழையில்லாமல் போட்டிருக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. தெரிந்த பிள்ளைகள்! யாரோ ஒருவர் அறைக்குள் நின்று தப்பை வாசித்திருக்கிறார். தெரிந்த பிள்ளைகள் அதை வாங்கி எழுதியிருக்கிறார்கள்.

ஒன்பதாவது தாள். சின்னக் கையெழுத்து, வரி கோணாத எழுத்து. அதில் முதலில் சரியான விடை இருந்தது. u என்ன, v என்ன என்று எழுதி, விதியை எழுதி, x² cos x + 2x sin x. அதன் மேல் ஒரே ஒரு கோடு. கோடு இழுத்த இடத்தில் தாள் கிழிந்து பின்பக்கம் தெரிந்தது. அவ்வளவு அழுத்தம். கீழே அந்த வாக்கியம், 2x cos x.

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

"என்னாச்சுக்கா?" என்றாள் ஹசீனா.

தாளைக் காட்டினேன். அவள் தன் கட்டிலிருந்து எட்டு தாளை எடுத்து என் முன்னால் பரப்பினாள். அதே வாக்கியம். அதே விடை. மொத்தம் இருபது, ஓர் அறை.

"நான் எல்லாத்துக்கும் சைபர் போட்டுட்டேனே. எல்லாருமே பண்ற தப்புன்னு நெனச்சேன்," என்றாள்.

"எல்லாரும் பண்ற தப்புதான். அதனாலதான் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு இருந்திருக்காங்க," என்றேன். என் குரல் ஏறிவிட்டது போல. திருஞானம் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

ஒன்பதாவது தாளுக்கு மூன்று மதிப்பெண் போட்டேன். முழுசாக.

ஏப்ரல் 18, வியாழன்

மூன்றை வெட்டிவிட்டார்கள்.

திருஞானம் சார் கூப்பிட்டார். நல்ல மனிதர், அடுத்த வருடம் ஓய்வு. சத்தம் போடத் தெரியாது. அதுவே எனக்கு எரிச்சல்.

"வசந்தமணி டீச்சர், அடிச்ச விடைக்கு மார்க் இல்லைங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"அந்தப் புள்ளையா அடிக்கலீங்க சார். அடிக்க வெச்சிருக்காங்க."

"கோடு யார் போட்டதுங்க?"

"கோடு அவதான் போட்டா. ஆனா..."

"அப்ப அவ அடிச்சதுதான். நாம பேப்பரைத்தான் திருத்தறோம், ஆளை இல்லை." பச்சைப் பேனாவால் மூன்றை அடித்துவிட்டுச் சுழி போட்டார். கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

நான் நாற்காலியைத் தள்ளிய வேகத்தில் அது விழுந்தது. எடுத்து நிறுத்தியது ஹசீனா. மதியத் தாள்களில் கூட்டல் பிழை இரண்டு செய்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை.

திரும்பி வரும்போது பேருந்தில் இடம் இல்லை. ஒரு மணி நேரம் நின்றுகொண்டே அந்த அறைக்குள் நின்றவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். ஆணா பெண்ணா தெரியாது. முகம் மட்டும் வேண்டும் எனக்கு. ஒரே ஒரு முறை பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 19, வெள்ளி

எரிவாயு தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு உருளையைக் கடன் வாங்கி மாட்டினேன்.

இவர்கள் அதை எவ்வளவு கேவலமாகச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் வியப்பாக இருக்கிறது. தேர்வு தொடங்கியதும் சீட்டு போகக்கூடாது. பறக்கும் படை முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்று வந்துவிட்டுப் போகும். அதற்குப் பிறகுதான் அனுப்ப வேண்டும். கால் தாளில் எழுத வேண்டும், பள்ளிப் பெயர் அச்சடிக்காத தாளில். அறையில் நிற்பவர் கணக்கு வாத்தியாராக இருக்க மாட்டார், வரலாறோ தாவரவியலோ நடத்துபவராக இருப்பார்; ஆகவே எழுத்தைப் பார்த்து வாசிக்கிற மாதிரி எழுதித் தர வேண்டும். "எக்ஸ் ஸ்கொயர் காஸ் எக்ஸ் பிளஸ்" என்று. கணக்கு நடத்துபவர் கணக்குத் தேர்வன்று பள்ளிக்கே வரக்கூடாது என்பது விதி என்பதால், எழுதிக் கொடுப்பவர் ஆய்வகத்தில், பின்கதவுப் பக்கம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, கடைசியில் விடையைத் தப்பாக எழுதுவார்களா? ஒரு கணக்கு ஆசிரியரிடம் கேட்டிருக்கலாம். உரைநூலையாவது பார்த்திருக்கலாம்.

இதெல்லாம் பல இடங்களில் நடப்பதாகக் கேள்விப்பட்டது.

ஏப்ரல் 20, சனி

இன்று முகாம் அரை நாள்தான். வந்து சாம்பார் வைத்தேன். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு ஒரு மாதம் இருக்கும். அவர் மில்லில் ஷிப்ட் முடித்து வந்திருந்தார். பேச ஒன்றும் இல்லாததால் அந்த ஒன்பதாவது தாளைப் பற்றிச் சொன்னேன். சரியான விடையை எழுதிவிட்டு, யாரோ வாசித்ததைக் கேட்டு, தாள் கிழிய அடித்த பெண். ஆணாகவும் இருக்கலாம், எனக்கு ஏனோ பெண் என்றே தோன்றியது.

"அந்த மாதிரி ஆளுங்களை வேலைய விட்டே தூக்கணும்," என்றேன்.

மிருதுளா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தப்பா வாசிச்சதுக்குத் தூக்கணுமா? இல்ல, வாசிச்சதுக்கா?"

ஒரு மாதத்தில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அது.

"ரெண்டுக்கும்தான்," என்றேன்.

"அந்தப் பொண்ணாவது ஏதோ எழுதுனா. நான் எழுதவே இல்லை."

"என்ன எழுதலை?"

"எங்க ஹால்ல வாசிச்சது எதையும் நான் எழுதலை. சாய்ஸ்ல மாத்தி எழுதுனது போக ஏழு கேள்வி. இருபத்தேழு மார்க். காலியா விட்டுட்டு வந்துட்டேன்."

அவர் சோற்றில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். "தெரியலைன்னா விட்டுட்டு வர்றதுதான கண்ணு, அதுக்கென்ன..."

"எல்லாமே தெரியும்ப்பா. x ஸ்கொயர் சைன் x எனக்குத் தெரியாதா? எழுதப் போனேன். அதுக்குள்ள அந்தம்மா வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் நான் எதை எழுதுனாலும் அது அவங்க சொன்னதாத்தான ஆகும்? பேனாவ மூடி வெச்சுட்டேன்."

"பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன். "ஒரு வருசம் படிச்சதை யாரோ ஒருத்தி வாசிச்சான்னு..."

"யாரோ ஒருத்தி இல்லை. சீட்டை மேசை மேலதான் வெச்சிருந்தாங்க. நான் முதல் பெஞ்சு. நீங்க எக்ஸ்னு எழுத்துல எழுதறப்ப கடைசி எழுத்தோட வால்ல ஒரு கொக்கி போடுவீங்களே, அது எனக்குத் தெரியாதாம்மா?"

கை பட்டுவிட்டது. கன்னத்தில்தான். அவள் அழவில்லை. எழுந்து போய்த் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

போர்வைகளைத் துவைத்தேன். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். பாத்திர அலமாரியை மொத்தமாக இறக்கித் திரும்ப அடுக்கினேன். இனி செய்ய வேலை இல்லை. எழுதித் தொலைக்கிறேன்.

மார்ச் 18, கணக்குத் தேர்வு நாள். தலைமை ஆசிரியர் குழந்தைவேல் முதல் நாளே போன் செய்திருந்தார். போன வருடம் என் பாடத்தில் இரண்டு பேர் தோல்வி. அதற்கு விளக்கம் கேட்டு மூன்று கடிதம் எனக்கு. இந்த வருடம் கணிதப் பிரிவில் பதினேழு பேர், அதில் நான்கு பேர் தேறுவது கஷ்டம் என்று நானே அவரிடம் சொல்லியிருந்தேன்.

"நாளைக்கு லேபுக்கு வந்துருங்க டீச்சர். பின்பக்கமா வாங்க. அஞ்சாறு கணக்குதான். நாலு புள்ளைங்களுக்காக."

முடியாதுங்க சார் என்றேன். உண்மையாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "உங்க புள்ளையும் அதே ஹால்லதானுங்க இருக்குது. ஒரு தைரியமா இருக்கும் அதுக்கு," என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் போனேன். நான்கு பிள்ளைகளுக்காகப் போனேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மிருதுளா நன்றாகப் படிக்கிற பெண். அவளுக்கு என் சீட்டு தேவையில்லை. ஆனால் ஒருவேளை மறந்துவிட்டால்? ஒருவேளை பதற்றத்தில் மூலைத் துண்டை எழுதிவிட்டால்? என் மகள் எழுதிவிட்டால் என்ன பேசுவார்கள்?

ஆய்வகத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒன்பது கணக்கு போட்டேன். ஒரு பிழை இல்லை. போட்டு முடித்ததும் எனக்கு வந்தது வெட்கம் இல்லை. திருப்தி. அழகாகப் போட்டிருக்கிறேன் என்று ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பிள்ளைகளின் தாள்கள் எங்கேயோ ஒரு முகாமில் திருத்தப்பட்டிருக்கும். பதினாறு தாளிலும் ஒரே படிகள், ஒரே விடை. திருத்தியவர் "பரவாயில்லையே, நல்லா நடத்தியிருக்காங்க" என்று நினைத்துக்கொண்டு மூன்று மூன்றாகப் போட்டுக்கொண்டே போயிருப்பார். சரியான விடை ஒன்றுபோல இருந்தால் யாரும் பேனாவை மூடி வைப்பதில்லை.

ஐந்து நாளாக நான் முகம் பார்க்க வேண்டும் என்று அலைந்தேன்.

சாயங்காலம் கடிதம் எழுதினேன். அந்த இருபது தாளைப் பற்றி. அந்த இருபதைப் பற்றி மட்டும்.

ஏப்ரல் 22, திங்கள்

திருஞானம் சார் தேநீர் இடைவேளையில் தனியாக இருந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"ஒரே வாக்கியம்னு எழுதியிருக்கீங்க. அவங்க டீச்சர் அப்படித் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கலாமில்லைங்க?"

"cot எப்படிங்க சார் வந்துச்சு?"

"கை தவறியிருக்கும்."

"காது தவறியிருக்கு. ஸ்க்வாட் போனதுக்கப்புறம் அவசரமா வாசிப்பாங்க, ரெண்டு தடவைக்கு மேல வாசிக்க மாட்டாங்க. வாசிக்கறவங்களுக்குக் கணக்கு தெரியாது. சீட்டுல எழுத்துல எழுதியிருந்தாத்தான் அவங்களால வாசிக்கவே முடியும். அதுலயும் பின்பெஞ்சுக்கு..."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர். இதெல்லாம் லெட்டர்ல இல்லியே."

நான் அவர் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தேன்.

"எப்படித் தெரியும் உங்களுக்கு?"

வெளியே யாரோ தேநீர்த் தம்ளர்களை அலசிக்கொண்டிருந்தார்கள். பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது, கேள்விப்பட்டேன் என்று. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சனிக்கிழமை ஓங்கிய கை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

"நானும் எழுதிக் குடுத்தேன் சார். எங்க ஸ்கூல்ல. மார்ச் பதினெட்டு. என்னோடது எல்லாம் சரியான விடை."

கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேனோ. அவர் முகம் மாறியது அப்போதுதான். முதல் முறையாக அவருக்குக் கோபம் வந்து பார்த்தேன்.

"சரியான விடையா? அதுல பெருமை வேறயா? அந்தப் புள்ளை தாள் கிழிய அடிச்சுதுன்னு மூணு மார்க்குக்கு எங்கிட்டச் சண்டை போட்டீங்களே, உங்க புள்ளைங்க எதை அடிச்சுதுங்கன்னு பாத்தீங்களா?"

"பாக்கலீங்க."

"அடுத்தவங்களைப் பத்தி எழுதுன லெட்டரை நான் தனியா வாங்க மாட்டேன். முதல்ல உங்களோடதை எழுதுங்க. எழுதுனா ரெண்டையும் சேத்து வாங்கி மேல அனுப்பறேன். எழுதலைன்னா இதைக் கிழிச்சுப் போட்டுட்டு மத்தியானக் கட்டை எடுத்துக்குங்க. நான் ஒண்ணும் கேக்கலைன்னு வெச்சுக்கறேன்."

"எழுதுனா எங்க புள்ளைங்க ரிசல்ட் நின்னுரும் சார். பதினேழு பேரு."

"நிக்கும்," என்றார். "அதை மார்ச் பதினெட்டு யோசிச்சிருக்கோணும்."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். ஹசீனா ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. மத்தியானக் கட்டு மேசைக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு தாள். மேலே இருந்ததைப் பிரித்தேன். யாரோ ஒரு பிள்ளை, கேள்வி எண்களை மட்டும் வரிசையாக எழுதி, ஒன்றுக்கும் விடை எழுதாமல் விட்டிருந்தது. தெரியாமல் விட்டதா, தெரிந்து விட்டதா? தாளைப் பார்த்து யார் சொல்ல முடியும்?

வெள்ளைத் தாள் ஒன்று வாங்கி எழுதினேன். பெயர், பள்ளி, தேதி, ஆய்வகம், தலைமை ஆசிரியர் பேசியது, ஒன்பது கணக்கு. மாணவர்கள் யாரும் கேட்டு வாங்கவில்லை என்று எழுதினேன். என் மகள் மட்டும் ஏழு விடைகளைக் காலியாக விட்டிருக்கிறாள், மற்றவர்களின் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே விளங்கும் என்று எழுதினேன். அந்த வரியை எழுதியபோதுதான் அழுகை வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

திருஞானம் சார் இரண்டு கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு ஒட்டினார். "போய்ட்டு வாங்க," என்றார். நல்லது செய்தீர்கள் என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

முகாமிலிருந்து விடுவித்துவிட்டார்கள். கத்தரிக்காய் வாடிக் கிடந்தது, அதையே வதக்கினேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

குழந்தைவேல் சார் போன் செய்தார். முதல் ஐந்து நிமிடம் கெஞ்சல், அடுத்த ஐந்து நிமிடம் மிரட்டல், கடைசியில் அழுகை. நான் எதற்கும் பதில் சொல்லவில்லை. "உங்க பொண்ணு பாஸாகாதுன்னு தெரிஞ்சுதான இதப் பண்ணுனீங்க," என்றார். அப்போது மட்டும் கத்தினேன். தெருவே கேட்டிருக்கும்.

ஏப்ரல் 30, செவ்வாய்

பணியிடை நீக்க உத்தரவு வந்தது. குழந்தைவேல் சாருக்கும் வந்திருக்கிறதாம். பதினாறு பேருக்கும் ஜூனில் மறுபடி கணக்குத் தேர்வு.

பெற்றோர் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கோமதியின் அம்மா படியேறக்கூட இல்லை, வாசலில் நின்றே பேசினாள். பனியன் கம்பெனியில் பீஸ் கணக்கில் தைக்கிற பெண், அரைநாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

"எங்க கோமதி உங்ககிட்டக் கேட்டுதுங்களா எழுதிக் குடுங்கன்னு?"

"இல்லைங்க."

"அப்பறம் நீங்க பண்ணுனதுக்கு எம்பொண்ணு ஏனுங்க மறுபடி எழுதோணும்? உங்களுக்கு மனசு கேக்கலைன்னா நீங்க போயி ஜெயில்ல உக்காருங்க. எம்புள்ளை ராத்திரி பகலாப் படிச்சுது."

நியாயம். ஒரு வார்த்தைகூட மறுக்க முடியாத நியாயம். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. ஜூன் வரை தினமும் காலையில் பதினாறு பேருக்கும் இங்கேயே கணக்கு சொல்லித் தருகிறேன் என்றேன்.

"நீங்களா?" என்றாள். அப்படி ஒரு வெறுப்பை நான் யார் குரலிலும் கேட்டதில்லை.

மே 2, வியாழன்

கோமதி வந்தாள். வேறு யாரும் வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டு, "அம்மாகிட்டச் சொல்லலைங்க டீச்சர், எட்டு மணிக்குள்ள போயிரோணும்," என்றாள். பெருக்கல் விதியில் தொடங்கினோம். அவளுக்கு அது ஏற்கெனவே நன்றாகத் தெரிந்திருந்தது. தேர்வில் என்ன எழுதினாய் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

மே 8, புதன்

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரணை. மிருதுளாவையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். பேருந்தில் இரண்டு மணி நேரம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள்.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. என்னிடம் முக்கால் மணி நேரம் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பிறகு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு அவளைக் கூப்பிட்டார். கதவு பாதி திறந்திருந்தது. நடைபாதை பெஞ்சிலிருந்து அவளுடைய முதுகும் அதிகாரியின் முகமும் தெரிந்தன.

"ஏழு கேள்வி காலியா விட்டிருக்கே. தெரிஞ்சும் எழுதலைன்னு உங்கம்மா எழுதியிருக்காங்க. நான் எப்படி நம்பறது?"

மிருதுளா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்கம்மாவைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றியா?"

"எங்கம்மாவை நான் காப்பாத்தலைங்க மேடம்." அவள் மேசைப் பக்கம் கையை நீட்டினாள். "பேப்பர் இருந்தாக் குடுங்க. போட்டுக் காட்டறேன்."

வினாத்தாளையும் நான்கு வெள்ளைத் தாளையும் கொடுத்தார்கள். அவள் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். அதிகாரி முதலில் வேறு கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பை மூடிவிட்டு அவள் கையைப் பார்க்க ஆரம்பித்தார். முதுகு அசையாமல், தோள் மட்டும் அசைய, அவள் எழுதிக்கொண்டே போனாள். இங்கிருந்து எதுவும் படிக்க முடியாது. எந்தக் கணக்கில் இருக்கிறாள் என்று தெரியவில்லை. எங்காவது தடுமாறினால் சொல்ல முடியாது. நான் எழுந்து கதவருகே போனேன். காவலாளி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளை கணக்கு போடும்போது இவ்வளவு தூரத்தில் நான் இருந்ததே இல்லை.

நாற்பது நிமிடம். ஒரு இடத்தில்கூட அடித்ததாகத் தெரியவில்லை. தோள் ஒருமுறைகூடப் பின்னோக்கிப் போகவில்லை.

அதிகாரி பக்கத்து அறையிலிருந்து ஒருவரை வரவழைத்தார். கணக்கு தெரிந்தவர் போல. அவர் நின்றபடி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாம் சரிங்க மேடம். இந்த x ஸ்கொயர் சைன் x-ஐ மட்டும் விதியில போடாம அடிப்படை வரையறையிலிருந்தே வருவிச்சிருக்கு."

"ஏம்மா? விதி தெரியாதா?" என்றார் அதிகாரி.

"தெரியும் மேடம். விதிப்படி போட்டா அன்னிக்கு வாசிச்ச மாதிரியே வரும்."

அதிகாரி தாளை வாங்கிப் புரட்டினார். பிறகு அதன் மூலையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்த்தார்.

"இதுக்கு மார்க் வருமா மேடம்?"

"வராதும்மா. அன்னிக்கு எழுதுனதுக்கு மட்டும்தான் வரும். பாஸ்தான், ஆனா குறைச்சலா இருக்கும்."

"தெரியும் மேடம். சும்மா கேட்டேன்."

வெளியே வந்தாள். கையில் மை. "அடிப்படை வரையறையில போட்டியா? அது ரொம்ப நீளமாச்சே," என்றேன். முட்டாள்தனமான பேச்சு.

"ரெண்டு பக்கம் வந்துச்சு," என்றாள்.

சாலைக்கு வந்தோம். வெயில் கொளுத்தியது. நிறுத்தத்தில் நிழல் இல்லை. மன்னிப்பு கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். சீட்டுக்காக, கை பட்டதற்காக. கை பட்டது இல்லை. அறைந்தேன். அதற்காக.

"மிரு, நான் உன்னை அறைஞ்சது..."

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்மா," என்றாள், சாலையைப் பார்த்துக்கொண்டே. "இப்பச் சொல்லாதீங்க."

"சரி," என்றேன்.

எங்கள் ஊருக்குப் போகும் தாராபுரம் பேருந்து வந்தது. பின்னால் இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்று காலியாக இருந்தது. முன்னால் ஓட்டுநர் பக்கம் ஒற்றை இடம். நான் பின்னால் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டேன். அவள் என்னைத் தாண்டி முன்னால் போய் உட்கார்ந்தாள்.

நடத்துநர் முன்னாலிருந்து சீட்டு கிழித்துக்கொண்டு வந்தார். அவளிடம் ஊர் கேட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் தோளுக்கு மேலே தூக்கி, பின்பக்கம் காட்டினாள்.

"எங்கம்மா எடுப்பாங்க," என்றாள்.